அறுந்த தந்தியோடு சித்தூருக்கு

திருப்பதிக்குப் போய் வந்தேன் என்று சொன்னால் எல்லோரும் முதலில் என் தலையைத்தான் பார்க்கிறார்கள். முடி அப்படியே இருக்கிறதே என்று ஒரு சந்தேகம். அடுத்தது, லட்டு எங்கே என்று கேட்கிறார்கள். மலை ஏறவில்லை, அடிவாரத்தில் அலிபிரி வரைக்கும் போய்த் திரும்பிவிட்டேன் என்றால் என்னை ஒரு மாதிரியாகப் பார்க்கிறார்கள். அவ்வளவு தூரம் போய்ச் சாமி பார்க்காமல் வந்தவன் என்ன மனிதன் என்று அவர்கள் நினைப்பது நியாயம்தான். ஆனால் நான் போனது சாமியைப் பார்க்க அல்ல, ஒரு டைப்பிஸ்டைப் பார்க்க.

முனிரத்தினம் மெட்ராஸில் என் ஆபீசில் டைப்பிஸ்டாக இருந்தவன். புத்தூர்ப் பக்கத்துக் கிராமத்தான். குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டு என்னைப் போலவே ஒரு மாடி அறையில் தனியாக இருந்தான். ஒரு சனிக்கிழமை இரண்டு பேரும் மூர் மார்க்கெட்டில் சும்மா சுற்றிக்கொண்டிருந்தபோது, பழைய கடிகாரங்களுக்கும் உடைந்த கிராமபோன்களுக்கும் நடுவில் ஒரு புல்புல்தாரா கிடந்தது. அவன் குனிந்து பார்த்தான். "இது நம்ம மெஷினாட்டம் கீதேய்யா" என்றான். அன்று சாயங்காலமே அது என் அறைக்கு வந்து சேர்ந்தது.

பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். முழத்துக்குக் கொஞ்சம் கூடுதலான நீளத்தில் ஒரு மரப்பெட்டி. அதன்மேல் கம்பித் தந்திகள். தந்திகளுக்கு மேலே டைப் மெஷினில் இருப்பது போல வட்ட வட்டமாகக் கட்டைகள். இடது கை கட்டையை அழுத்த வேண்டும், வலது கை ஒரு சில்லால் தந்தியை மீட்ட வேண்டும். பாட்டு ஓடுவது ஒரு தந்தியில். பக்கத்தில் இருக்கிற மற்றத் தந்திகளுக்குப் பாட்டு கிடையாது, ஒரே ஸ்வரத்தில் ரீங்காரம் செய்துகொண்டே இருக்கும். நாம் எதை வாசித்தாலும் யாரோ பக்கத்தில் உட்கார்ந்து 'உம்' கொட்டுவது போல் இருக்கும். தனி ஆளுக்கு இதைவிட நல்ல வாத்தியம் கிடையாது என்பது என் கட்சி.

இரண்டு பேருக்கும் நாற்பதை நெருங்குகிற வயது. சங்கீதம் என்றால் எதிர்வீட்டு ரேடியோவில் கேட்டதுதான். வாத்தியார் வைத்துக்கொள்ள வெட்கம். கட்டைகளின் மேல் காகிதத்தில் எண் எழுதி ஒட்டிக்கொண்டு, சினிமாப் பாட்டுகளை எண்ணாக மாற்றி வாசித்துப் பார்த்தோம். அவனுக்கு டைப் அடித்துப் பழகிய விரல். கட்டைகள் அவன் பொறுப்பு. மீட்டுவது என் பொறுப்பு. எதிரெதிரே உட்கார்ந்து, ஒரு வாத்தியத்தை இரண்டு பேர் ஆளுக்குப் பாதியாக வாசித்தோம். உலகத்தில் யாரும் அப்படிக் கற்றுக்கொண்டிருக்க மாட்டார்கள். கீழ்வீட்டுக்காரர் ஒரு நாள் மேலே வந்து, எலி பிடிக்க ஏதாவது பொறி வாங்கியிருக்கிறீர்களா என்று கேட்டார். அதற்கு நாங்கள் சிரித்த சிரிப்பு இன்னும் எனக்கு நினைவிருக்கிறது.

சுருதி சேர்ப்பதும் அவன்தான். ஒரு சின்னச் சாவியால் ஆணியைத் திருப்புவான், காதை வைத்துக் கேட்பான், இன்னும் கொஞ்சம் திருப்புவான், 'சேந்துச்சு' என்பான். எனக்கு முன்னாலும் பின்னாலும் ஒன்று போலத்தான் கேட்கும். சேர்ந்துவிட்டது என்று நானும் தலையை ஆட்டுவேன்.

பிறகு ஆந்திரா தனி மாநிலமாயிற்று. ஆபீசில் யார் எந்தப் பக்கம் என்று கேட்டார்கள். அவனுடைய நிலமும் வீடும் மனைவி மக்களும் அந்தப் பக்கம். சித்தூருக்கு எழுதிக் கொடுத்துவிட்டுப் போனான். வாத்தியத்தை என்னிடமே விட்டான். பிள்ளைகள் கையில் கிடைத்தால் ஒரே நாளில் சுள்ளியாகிவிடும் என்றான்.

அதற்கப்புறம் அவனுடைய பாதியையும் நானே கற்றுக்கொண்டேன். வலது கை மட்டும் வேலை செய்து பழகியவனுக்கு இடது கையைக் கூட்டுச் சேர்ப்பது லேசில்லை. ஒரு வருஷம் போல ஆயிற்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒரு முழுப் பாட்டு, தட்டாமல் தடுமாறாமல் வந்துவிட்டது. அந்த வயதில் ஒரு விரல் புதிதாக ஒன்றைப் படித்துக்கொள்வதில் இருக்கிற சுகம் சின்ன வயதுக்காரர்களுக்குத் தெரியாது. யாரிடமாவது சொல்ல வேண்டும் போல் இருந்தது. அறையில் யாரும் இல்லை. முனிரத்தினத்துக்கு எழுதினேன், பதில் இல்லை. மறுபடியும் எழுதினேன். அதற்கும் இல்லை.

இந்த நிலையில்தான் பாட்டு ஓடுகிற தந்தி அறுந்தது. மெட்ராஸில் வேறு தந்தி கிடைக்காதா என்பீர்கள். கிடைக்கும். அன்றைக்கே வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். கட்டிக் கொடுக்க ஆளும் உண்டு. ஆனால் எனக்கு அது ஒரு சாக்காகத் தோன்றிற்று. இதைக் கட்டிச் சுருதி சேர்த்துக் கொடு என்று அவன் முன்னால் போய் நிற்கலாம். அவன் மனதில் எனக்கு இன்னும் இடம் இருக்கிறதா, இல்லை, அந்த மாடி அறையோடு என் கணக்கு முடிந்ததா என்று முகத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும். முடிந்தது என்றால் வாத்தியத்தை அவனிடமே வைத்துவிட்டு வந்துவிடுவது என்று தீர்மானித்தேன். ஆபீசில் லீவு சொல்லிவிட்டு, பெட்டியைப் பழைய போர்வையில் சுற்றிக்கொண்டு பஸ் ஏறினேன்.

முதல் நாள் பஸ்ஸில் பெட்டி என் மடியில். பக்கத்தில் உட்கார்ந்தவர் ஆர்மோனியமா என்று கேட்டார். ஆமாம் என்றேன். இல்லை என்று சொன்னால் புல்புல்தாராவை விளக்க வேண்டும். அதற்கப்புறம் அவர் நான் நாடகக் கம்பெனி ஆள் என்று முடிவு செய்துகொண்டு, வழியெல்லாம் எந்த ராஜா வேஷம் எனக்குப் பொருந்தும் என்று யோசனை சொல்லிக்கொண்டு வந்தார். இறங்கும்போது, மந்திரி வேஷம்தான் சரி என்று முடித்துவிட்டார்.

சித்தூரில் இறங்கியதும் எனக்குப் படிப்பு மறந்துவிட்டது. முன்பு ஒரு முறை வந்திருக்கிறேன். அப்போது தமிழ்ப் பலகைகளும் கலந்து இருந்தன. இப்போது அநேகமாக எல்லாம் தெலுங்கு. எழுத்துகள் எல்லாம் உருண்டையாக, பார்க்க அழகாக, ஒன்றும் புரியாமல் இருந்தன. நூறு மைல் தாண்டினால் ஒருவன் கைநாட்டு ஆகிவிடுகிறான். ஆனால் காபிக் கடையில் பேச்சு தமிழில் ஆரம்பித்துத் தெலுங்கில் முடிந்தது, அல்லது தெலுங்கில் ஆரம்பித்துத் தமிழில் முடிந்தது. யாருக்கும் அது உறைத்ததாகத் தெரியவில்லை.

விசாரித்து விசாரித்து முனிரத்தினத்தின் ஆபீசுக்குப் போனேன். வாசலில் வயதான அட்டெண்டர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். முனிரத்தினம் லீவு என்றார். கடைசிப் பெண் குழந்தைக்கு நாளை மறுநாள் மொட்டை போட வேண்டியிருக்கிறது, திருப்பதியில் அலிபிரிக்குப் பக்கத்தில் மாமனார் வீட்டில் இருக்கிறான் என்று தமிழும் தெலுங்குமாகச் சொன்னார். அவருடைய தமிழ் என்னுடைய தெலுங்கைவிடத் தேவலை, அவ்வளவுதான். சாயங்கால பஸ்ஸில் அவருடைய தம்பி கண்டக்டராகத் திருப்பதி போகிறான், ஏதாவது சொல்ல வேண்டுமா என்று கேட்டார்.

"மெட்ராஸ் சண்முகம்னு சொல்லுங்க, தெரியும்" என்றேன். "தந்தி அறுந்து போச்சு. மெட்ராஸ்ல அதுக்கு ஆள் இல்லை. அதான் வந்தேன்னு சொல்லுங்க."

பையில் தந்தியை வைத்துக்கொண்டு ஆள் இல்லை என்று சொல்ல எனக்கே கொஞ்சம் கூச்சமாக இருந்தது. அவர் முகம் மாறிவிட்டது. எழுந்து தன் ஸ்டூலை எனக்குப் போட்டார். உள்ளே போய்ச் செம்பில் தண்ணீர் கொண்டுவந்தார். தெலுங்கில் மெல்ல ஏதோ சொல்லி என் தோளைத் தொட்டார். உள்ளிருந்து இன்னொருவர் வந்து என்னைப் பார்த்து 'த்சொ' கொட்டிவிட்டுப் போனார். அறுந்த ஒரு தந்திக்கு இவ்வளவு மரியாதையா, சங்கீதத்தை மதிக்கிற ஊர் என்றால் இதுவல்லவா என்று நினைத்தேன். மெட்ராஸில் கீழ்வீட்டுக்காரர் எலிப்பொறி என்கிறார். இங்கே ஆபீசே எழுந்து நிற்கிறது.

அந்த சாயங்கால பஸ்ஸில் நானும் போயிருக்கலாம். கூட்டம் தொங்கிக்கொண்டு போயிற்று. பெட்டியோடு நிற்க முடியாது என்று தங்கிவிட்டேன்.

ஓட்டலில் கேழ்வரகுக் களி உருண்டையும் வேர்க்கடலைச் சட்டினியும் வைத்தார்கள். அதற்கு சங்கட்டி என்று பெயர். பரிமாறினவர் 'சங்கட்டி, சங்கட்டி' என்றதும் எனக்கு ஏதோ சங்கடம் என்று காதில் விழுந்தது. மென்று தின்றால் தொண்டையில் நிற்கும், கிள்ளிச் சட்டினியில் தோய்த்து அப்படியே விழுங்க வேண்டும் என்று அவரே செய்து காட்டினார். எதிர் மேஜையில் இரண்டு பேர் இன்னும் முடிவாகாத மாநில எல்லையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒருவருக்கு அவர் கிராமம் ஆந்திராவிலேயே இருக்க வேண்டும், ஏனென்றால் அவர் பெண் தெலுங்கில் முதல் மார்க் வாங்குகிறாள். இன்னொருவருக்கு மெட்ராஸ் பக்கம் போக வேண்டும், ஏனென்றால் அவர் மச்சினன் மெட்ராஸில் போலீசில் இருக்கிறான். இரண்டு கிராமமும் பக்கத்துப் பக்கத்துக் கிராமம் என்று பேச்சிலிருந்து தெரிந்தது.

லாட்ஜ் அறையில் போர்வையைப் பிரித்து வாத்தியத்தை எடுத்து வைத்தேன். பாட்டுத் தந்தி இல்லை. ரீங்காரத் தந்திகளை மட்டும் மீட்டினேன். பாட்டே இல்லாமல் 'உம்' மட்டும் கேட்டது. அடுத்த அறையில் ஒரு குடும்பம், குழந்தை குட்டிகளோடு, ஏதோ சொல்லிச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தது. என்னை யாரும் கேட்கவில்லை, நானும் யாரையும் கேட்கவில்லை. இப்படித்தான் என் வாழ்க்கை பெரும்பாலும் போகிறது. அன்றைக்கு அது கொஞ்சம் அதிகமாக உறுத்தியது.

மறுநாள் திருப்பதி பஸ். எங்கள் பஸ்ஸில் எல்லோர் தலையிலும் முடி இருந்தது, எதிரே வந்த பஸ்களில் எல்லாம் சந்தனம் பூசிய மொட்டைகள். இந்த ரோட்டில் யார் போகிறார்கள், யார் வருகிறார்கள் என்று டிக்கெட் பார்க்காமலே சொல்லிவிடலாம். பஸ் ஒவ்வொரு பள்ளத்துக்கும் குதிக்க, நான் பெட்டியைக் குழந்தை போலத் தூக்கித் தூக்கிப் பிடித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தேன்.

அலிபிரிக்குப் போகிற வழியில் ஒரு சந்தில் வீடு. வாசலில் ஒரு பெண்மணி வேர்க்கடலையை வெயிலில் பரப்பிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் முடி நிறைய வைத்துக்கொண்டு ஒரு சின்னப் பெண். முனிரத்தினத்தின் மனைவி ராஜம்மாவாகத்தான் இருக்க வேண்டும். மெட்ராஸில் இருந்தவரை அவன் குடும்பத்தை நான் பார்த்ததில்லை, அவர்களும் என்னைப் பார்த்ததில்லை. முனிரத்தினம் இருக்கிறாரா என்று கேட்டேன்.

"இல்லீங்களே. காலைல மொத பஸ்ஸுக்கே மெட்ராஸ் பூட்டாரு" என்றாள்.

நாளைக்கு மொட்டை என்றார்களே என்றேன்.

"அதாங்க. அங்க அவரு சிநேகிதக்காரரு ஒருத்தரு தவறிப் பூட்டாராம். ராத்திரி கண்டக்டரு வந்து சொல்லிட்டுப் போனாரு, தந்தி வந்துச்சுன்னு."

அடடா, பாவம் என்றேன். மெட்ராஸில் அவனுக்கு எனக்குத் தெரியாமல் இன்னொரு சிநேகிதன் இருந்திருக்கிறான் என்பது உள்ளே சுருக்கென்று தைத்தது. யார் என்று கேட்டேன்.

"சண்முவம்னு. ஒங்களுக்குத் தெரியுங்களா?"

தெரியும் என்றேன். வேறு என்ன சொல்வது. என்ன நடந்திருக்கிறது என்பது ஒவ்வொன்றாக மண்டைக்குள் ஏறியது. நான் சொன்னதில் அட்டெண்டர் பிடித்துக்கொண்டது மூன்று: மெட்ராஸ் சண்முகம், தந்தி, ஆள் இல்லை. அறுந்த கம்பி அவர் வாயில் தபால் தந்தியாகிவிட்டது. ஆள் இல்லை என்பதைத் தெலுங்கில் 'மனிஷி லேடு' என்று தம்பியிடம் சொல்லியிருப்பார். மனிதன் போய்விட்டான் என்றும் அதற்கு அர்த்தம். என் தோளைத் தொட்டதும் தண்ணீர் கொடுத்ததும் சங்கீதத்துக்கு இல்லை. என் சாவுக்கு.

"நான்தாம்மா அந்தச் சண்முகம்" என்றேன்.

ராஜம்மா கை நிறையக் கடலையோடு நின்றாள். பிறகு குழந்தையை இழுத்துத் தன் பின்னால் நிறுத்திக்கொண்டு, "நைனா" என்று உள்ளே குரல் கொடுத்தாள். மாமனார் வந்தார். நல்ல உயரம், பெரிய மீசை. மகள் சொன்னதைக் கேட்டுவிட்டு அவர் முதலில் பார்த்தது என் காலை. தரையில் படுகிறதா என்று பார்க்கிறார் என்று புரிந்தது. வெயிலில் இரண்டடி நகர்ந்து நின்றேன், நிழலையும் பார்த்துக்கொள்ளட்டும் என்று. போர்வையைப் பிரித்து, அறுந்து சுருண்டு கிடந்த தந்தியைக் காட்டி விஷயத்தைச் சொன்னேன். சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை. அவர் பேத்திக்கு நாளைக்கு மொட்டை. அப்பன்காரன் இல்லை. நல்ல காரியம் வைத்திருக்கிற வீட்டுக்கு எழவுச் செய்தி வந்து, இப்போது எழவே வந்து நிற்கிறது.

ஆனாலும் சோறு போட்டார்கள். சாப்பிடாமல் போகக் கூடாது என்று மாமனார் கண்டிப்பாகச் சொன்னார். எதிரே உட்கார்ந்து, நான் வாயில் வைக்கிற ஒவ்வொரு கவளமும் உள்ளே போகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். பேய் சாப்பிடாது என்று அவர் கணக்கு. ரசத்துக்கு நான் இரண்டாம் முறை கை நீட்டியதும்தான் அவர் முகம் கொஞ்சம் தெளிந்தது. ராஜம்மா கதவுப் பக்கம் நின்று பேசினாள்.

"சேதி கேட்டதும் அப்படியே ஒக்காந்துட்டாருங்க. அவனுக்கு யாருமே இல்ல, யாரு கோடி போடுவாங்கன்னு அதையே சொல்லிக்கினு இருந்தாரு. விடியறதுக்குள்ள துணிக்கடைக்காரர எழுப்பி வேட்டி வாங்கிக்கினுதான் பஸ் ஏறினாரு. ஒங்களப் பத்தி இவ்ளோ பேசி நான் கேட்டதே இல்லீங்க."

செத்தவன் உடம்பின் மேல் சொந்தக்காரர்கள் கொண்டுவந்து போடுகிற புதுத் துணிக்குத்தான் கோடி என்று பெயர். எனக்கு மதுரையில் ஒரு தங்கை, அவளுக்குத் தந்தி போய் அவள் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிடும். இதை நானே பல தடவை யோசித்திருக்கிறேன், அதைப் பற்றி யாரிடமும் சொன்னதில்லை. அவன் ராத்திரியெல்லாம் உட்கார்ந்து அதையேதான் யோசித்திருக்கிறான். கையில் இருந்த கவளத்தை என்ன செய்வது என்று தெரியவில்லை. மாமனார் பார்த்துக்கொண்டிருந்ததால் விழுங்கினேன்.

அடுத்த பஸ்ஸில் ஏறினேன். மெட்ராஸில் பூட்டின அறைக்கு முன்னால் வேட்டியோடு அவன் நிற்கப் போகிறான், கீழ்வீட்டுக்காரர் என்ன சொல்வாரோ, அவன் எங்கெங்கே ஓடுவானோ என்று ஒரே பதைப்பு. நாளைக் காலை அவன் இங்கே இருக்க வேண்டும். மெட்ராஸ் போய் அவனைப் பிடித்துத் திருப்பி அனுப்பினாலும் வந்து சேர முடியாது. என்னால் ஒரு குழந்தையின் மொட்டை அப்பன் இல்லாமல் நடக்கப் போகிறது என்று நினைக்க வெட்கமாக இருந்தது.

வடமாலபேட்டையில் ரோட்டோரம் ஒரு பஸ் முன்பக்கத்தைத் திறந்துபோட்டுக்கொண்டு நின்றது. காலையிலிருந்து நிற்கிறதாம். ஏதோ சாமான் ரேணிகுண்டாவிலிருந்து வர வேண்டும். பின்னால் வந்த பஸ்களில் இடம் கிடைத்தவர்கள் போய்விட்டார்கள், கிடைக்காதவர்கள் மரத்தடியில் உட்கார்ந்திருந்தார்கள். எங்கள் டிரைவர் நிறுத்தி அந்த டிரைவரோடு பேசினார். ஜன்னல் வழியே பார்த்தேன். மரத்தடியில், முன்தலை ஏறிப்போய், முன்பைவிட இளைத்து, மடியில் ஒரு துணிப் பொட்டலத்தை வைத்துக்கொண்டு முனிரத்தினம் உட்கார்ந்திருந்தான்.

மரத்தடியில் குழந்தையோடு காத்திருந்த ஒரு அம்மாளுக்கு என் இடத்தைக் கொடுத்துவிட்டுப் பெட்டியோடு இறங்கினேன். பஸ் போய்விட்டது. அவன் எதிரே போய் நின்றேன். பெட்டியை முதலில் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான்.

"இன்னாய்யா... நீ பூட்டன்னு சொன்னாங்க."

"போகலை, முனிரத்தினம். தந்திதான் அறுந்து போச்சு" என்றேன்.

சிரிக்கவில்லை அவன். தோளில் இருந்த துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதான். பக்கத்தில் இருந்தவர்கள் எல்லாம் பார்த்தார்கள். நான் பெட்டியைக் கையில் பிடித்தபடி நின்றேன். உண்மையைச் சொன்னால், எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஒருவன் தனக்காக இன்னொருவன் அழுவதை நின்று பார்ப்பது எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. அப்படிச் சந்தோஷப்படுவது தப்பு என்றும் தோன்றிற்று. அட்டெண்டரிடம் நான் சொன்னது சாவுச் செய்தியான கதையைச் சொன்னேன். அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, தொடர்ந்து கொஞ்ச நேரம் என்னைத் திட்டினான். அது முடிந்ததும் பெட்டியைப் பிரிக்கச் சொன்னான்.

அறுந்த இடத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, இந்தப் பட்டிக்காட்டில் தந்திக்கு எங்கே போவது என்றான். நான் சட்டைப் பையிலிருந்து புதுத் தந்தியை எடுத்து நீட்டினேன். அதைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

"மெட்ராஸ்லயே வாங்கி வெச்சுக்கினு, மெட்ராஸ்ல ஆள் இல்லன்னியா?"

"ஆள் இல்லைதான்" என்றேன்.

அவன் தந்தியைக் கட்டினான். சாவியால் ஆணியைத் திருப்பினான். 'சேந்துச்சு' என்பான் என்று காத்திருந்தேன். சாவியை என் கையில் கொடுத்துவிட்டான். புதுத் தந்தியையும் ரீங்காரத் தந்தியையும் ஒன்றாக மீட்டி, காதைப் பெட்டிமேல் வைக்கச் சொன்னான். "அல அடிக்குது பாரு. வா வான்னு. அது நிக்கற வரைக்கும் திருப்பு." எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. மறுபடியும் மீட்டினான். மறுபடியும். கேட்டது. இரண்டு ஸ்வரமும் ஒன்றின்மேல் ஒன்று மோதி, உள்ளே ஒரு அலை போய்ப் போய் வந்தது. மெல்லத் திருப்பினேன். அலை அகலமாயிற்று, சோம்பிற்று, நின்றுவிட்டது. இத்தனை வருஷமாக நான் தலையாட்டிக்கொண்டிருந்தது இதற்குத்தான்.

எதிரெதிரே உட்கார்ந்தோம். அவன் கட்டை, நான் மீட்டல். பழைய பாட்டுதான். அவன் விரல் இரண்டு இடத்தில் தடுக்கிற்று, அப்புறம் நினைவு வந்துவிட்டது. நான் அரும்பாடுபட்டுப் பழக்கிய இடது கைக்கு வேலையே இல்லாமல் மடியில் கிடந்தது. மரத்தடியில் இருந்தவர்கள் சுற்றி வந்து உட்கார்ந்தார்கள். மூக்குத்தி போட்ட ஒரு அம்மாள், இதில் மனு டைப் அடிக்கலாமா என்று கேட்டாள். வாசித்து முடிக்கிறவரை எனக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

கடிதத்துக்கு ஏன் பதில் போடவில்லை என்று நான் கேட்கவில்லை. அவனாகவே சொன்னான். கிராமம் மெட்ராஸ் பக்கம் போகும் என்கிறார்கள், ஆந்திராவிலேயே இருக்கும் என்கிறார்கள்; முடிவானதும் மறுபடியும் மெட்ராஸுக்கு வருகிறேன் என்று நல்ல செய்தியாக எழுதலாம் என்று தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தானாம். "இப்பத் தெரிஞ்சுபோச்சுய்யா. ஊரு எந்தப் பக்கம் போனாலும் வேல இங்கதான். பசங்கல்லாம் தெலுங்குல படிக்குதுங்க. இனிமே நான் அங்க வரமாட்டேன்." தலையைக் குனிந்துகொண்டு சொன்னான். எனக்கும் அது தெரிந்தே இருந்தது என்று நினைக்கிறேன்.

திருப்பதி பக்கம் போகிற பஸ் ஒன்று வந்தது. அவன் கைகாட்டி நிறுத்தினான். "நீயும் வாயேன்" என்று ஆரம்பித்தவன் பாதியில் நிறுத்தினான். மாமனார் முகம் எனக்கு முன்னால் வந்தது, அவனுக்கும் வந்திருக்கும். நேற்று செத்தவன் நாளைக்கு மொட்டைக்கு வந்து நிற்க முடியாது. திங்கட்கிழமை ஆபீஸ் இருக்கிறது என்றேன். வாத்தியத்தை நீட்டினேன், நீயே வைத்துக்கொள் என்று. "எதுக்கு? நீதான் இப்ப முழுசும் வாசிக்கறியே" என்று தள்ளிவிட்டான்.

ஏறுவதற்கு முன் கையில் இருந்த பொட்டலத்தை என்ன செய்வது என்று தெரியாமல் நின்றான். கோடியை நல்ல காரியம் இருக்கிற வீட்டுக்குள் கொண்டுபோக முடியாது. கடையிலும் திருப்பி வாங்க மாட்டான். தூக்கிப் போடவும் அவனுக்கு மனசு வரவில்லை. என்னிடம் கொடு என்றேன்.

"ஒனக்கு வாங்கினதுதான்" என்று கொடுத்துவிட்டு ஏறினான். பஸ் திரும்புகிறவரை ஜன்னலில் அவன் கை தெரிந்தது. ரேணிகுண்டா சாமான் வந்து, பழுதாகி நின்ற அந்த பஸ் என்னையும் ஏற்றிக்கொண்டு கிளம்ப வெகு நேரமாயிற்று.

ஞாயிற்றுக்கிழமை அறையில் உட்கார்ந்து வாத்தியத்தை எடுத்தேன். பஸ் குலுக்கலில் சுருதி விலகியிருந்தது. அப்படி விலகியிருப்பது முதல் தடவையாக எனக்கே கேட்டது. முன்பெல்லாம் கேட்காமலே நிம்மதியாக வாசித்துக்கொண்டிருந்தேன், இனிமேல் அது முடியாது. சாவியை எடுத்து, யாரையும் கேட்காமல், அலை நிற்கிறவரை திருப்பினேன். மத்தியானம் வரைக்கும் ஆயிற்று. அப்புறம் ஒரு பாட்டு வாசித்தேன். அறை அப்படியேதான் இருந்தது.

திங்கட்கிழமை அந்த வேட்டியைத்தான் கட்டிக்கொண்டு ஆபீசுக்குப் போனேன். துவைக்கவில்லை, புதுக் கஞ்சி மணத்தோடு மொடமொடவென்று இருந்தது. நல்ல துணி, பார்த்துத்தான் வாங்கியிருக்கிறான். பக்கத்து மேஜைக்காரர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு, புது வேட்டி, என்ன விசேஷம் என்று விசாரித்தார். சொந்தக்காரர் ஒருவர் எடுத்துக் கொடுத்தார் என்றேன். மெட்ராஸில் உங்களுக்குச் சொந்தக்காரர் இருப்பதாகச் சொன்னதே இல்லையே என்றார்.

மெட்ராஸில் இல்லை, ஆந்திராவில் இருக்கிறார் என்றேன்.